கிழக்கு வீட்டுக்கு மேலே ஒரு வேட்டைக்காரன்

கிழக்கு வீட்டுப் பையனை நான் பார்க்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் எனக்கு மேற்கொண்டு எழுத வரும். நாற்பது வருஷம் ஓடிவிட்டது. அன்றைக்கு என்னைக் கேட்டவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை. ஆனாலும் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் அந்த மார்கழியைப் பற்றி என்னால் பேச முடிவதில்லை. நான் பார்த்தது அவர்கள் வீட்டு மாடிக்கு மேலே, முருங்கை மரத்துக்கும் மேலே, முன்னிரவில் எழுந்து வந்துகொண்டிருந்த ஓரியன் என்ற வேட்டைக்காரனை. நட்சத்திரம் என்றால் கிழக்கில்தான் உதிக்கும். அந்தக் கிழக்கில் அவர்கள் வீட்டைக் கட்டியிருந்ததற்கு நான் பொறுப்பில்லை.

நாங்கள் இருந்தது முத்தியால்பேட்டையிலிருந்து குருசுக்குப்பத்துக்குப் போகும் வழியில் ஒரு குறுக்குத் தெருவில். வீட்டின் முன்பக்கத்தில் அதன் சொந்தக்காரர் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன்வரை போய்விட்டு வந்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த கிழவர். தெரு அவரை முதுகுக்குப் பின்னால் சிப்பாய் என்ற அர்த்தத்தில் சொல்தா என்று சொல்லும், நேரில் மரியாதையாக முசே என்று கூப்பிடும். பின்பக்கத்து இரண்டு அறைகளில் நாங்கள் மூன்று பேர் குடியிருந்தோம். அப்பா மில்லில் நூற்புப் பகுதியில் வேலை செய்தார். நான் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதிக்கொண்டு போகிறேன்.

தெருவில் நைனாவுக்கு ஒரு மரியாதை இருந்தது. அதிகம் பேசமாட்டார், பெரிய கை எதுவும் அவருக்குப் பின்னால் இல்லை. ஆனால் எந்தத் தகராறு வந்தாலும், சுவர் எல்லையானாலும் குழாயடிச் சண்டையானாலும், "அவரக் கூப்புடு, அவரு பாத்தாரான்னு கேளு" என்பார்கள். பார்த்திருந்தால் பார்த்தேன் என்பார். பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்பார். அதோடு வீட்டுக்கு வந்துவிடுவார். ஒருமுறை அம்மாவின் சொந்தத் தம்பிக்கு ஒரு சைக்கிள் விவகாரத்தில் சாட்சி வேண்டியிருந்தது. "நான் பாக்கல, பாத்தேன்னு எப்பிடி சொல்றது?" என்று நைனா கேட்டுவிட்டார். அம்மா ஒரு மாசம் அவருக்குச் சோறு போட்டாள், முகம் கொடுக்கவில்லை.

ஓரியன் எனக்கு அதற்கு முன்பே பழக்கம். எழுபதுகளில் நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, தை மாசம் கரண்ட் போனால் எல்லாரும் மாடிக்கு வந்துவிடுவோம். வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களை அம்மா மூணு வெள்ளி என்பாள். சொல்தா மாதா கோயிலுக்குப் போகிறவர். பாலன் இயேசுவைப் பார்க்க வந்த மூணு ராஜாக்கள் அவர்கள்தான் என்பார். கல்லூரிக்குப் போன பிறகு எனக்கு மூன்றாவது பெயர் கிடைத்தது, வேட்டைக்காரனின் இடுப்புக் கச்சை. இயற்பியல் படிக்கிறவள் என்பதால் என்னுடையதுதான் சரியான பெயர் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வயதில் எனக்கு அவ்வளவு திமிர் இருந்தது.

நான் இரண்டாம் வருஷம் படித்தபோது சொல்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த பைனாகுலர் ஒன்று அவரிடம் இருந்தது. தோல் பெட்டியில் இருக்கும். அதை அவர் ழுமேல் என்பார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "கண்ணே போச்சி, ழுமேல் இன்னாத்துக்கு எனக்கு? சும்மா கெடந்தா பூசணம் புடிக்கும். நீ பாரு" என்று கையில் கொடுத்துவிட்டார். கனம் என்றால் அப்படி ஒரு கனம். மாடிக் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டால்தான் ஆடாமல் பிடிக்க முடியும். அந்தக் கைப்பிடிச் சுவர் இருந்ததும் கிழக்குப் பக்கத்தில்தான். மற்ற மூன்று பக்கமும் வெறுமனே கட்டைச் சுவர்.

ஐப்பசி கார்த்திகை முழுக்க மழை மூட்டம். மார்கழி பிறந்த சமயம் வானம் கழுவி விட்டாற்போல் ஆயிற்று, அமாவாசையும் சேர்ந்து வந்தது. அந்த நாலைந்து நாட்கள் மாதிரி எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை. இரவுச் சோற்றுக்கு முன்னால் மாடிக்குப் போவேன். நம் பக்கத்தில் ஓரியன் நிமிர்ந்து உதிப்பதில்லை, படுத்த வாக்கில்தான் எழும். அதனால் கச்சையின் மூன்று நட்சத்திரங்களும் ஏணிப்படி போல ஒன்றன்மேல் ஒன்றாக மரத்துக்கு மேலே ஏறி வரும். இடது பக்கம் திருவாதிரை, கொஞ்சம் சிவந்து. வலது பக்கம் அதே பிரகாசத்தில் இன்னொன்று, நீலம் கலந்த வெள்ளையில். கச்சைக்கு வலப்புறம் கத்தி தொங்கும் இடம் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. வெறும் கண்ணுக்கு அங்கே மூன்று மங்கலான புள்ளிகள். ழுமேலை அங்கே திருப்பி, நடுவில் இருக்கும் சக்கரத்தை மெல்லத் திருகினால் நடுப்புள்ளி புள்ளியாக இருக்காது. அது ஒரு புகை. அரிசி களைந்த தண்ணீர் சிமென்ட் தரையில் சிந்திக் காய்ந்த இடம் போல ஒரு வெளுப்பு. அதற்குள்ளே பொடியாகச் சில நட்சத்திரங்கள்.

அவ்வளவுதான். ஆனால் அதைப் பார்த்த முதல் நாள் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நட்சத்திரங்கள் இன்னும் பிறந்துகொண்டிருக்கும் இடம் அது என்று புத்தகம் சொன்னது. நெபுலா என்று அதற்குப் பெயர். நான் அதற்குப் பிறகு ரோகிணிக்குப் போவேன், கார்த்திகைக் கூட்டத்துக்குப் போவேன், அங்கே ஆறு நட்சத்திரம் என்பது ஒரு கைப்பிடி நட்சத்திரமாக ஆகும். ஆனால் கீழே இறங்குமுன் திரும்பவும் அந்த வெளுப்புக்கு வந்துவிடுவேன். முழங்கை கன்றிப்போகும்வரை நிற்பேன்.

அந்த மாசம் நைனாவுக்கு இரண்டாம் ஷிப்ட். நான் தூங்கின பிறகுதான் வருவார். காலையில் அவர் சாப்பிடும்போது கல்லூரி நூலகப் புத்தகத்தில் இருந்த படத்தைக் காட்டினேன். பெரிய தொலைநோக்கியில் எடுத்த வண்ணப் படம். சிவப்பும் ஊதாவுமாக, நடுவில் வெள்ளையாக, ஒரு பூ விரிந்தது போல இருக்கும். நைனா கையை எடுத்துத் தட்டுக்கு வெளியே வைத்துக்கொண்டு, படத்தில் பட்டுவிடாமல் குனிந்து பார்த்தார்.

"இதத்தான் பாக்கிறியா?"

"ஆமா நைனா."

"இது நம்ம வூட்டுக்கு மேலயா இருக்குது?"

"எல்லார் வூட்டுக்கும் மேலயும் இருக்குது."

அவர் சிரித்தார். கண்ணுக்கு இந்த நிறம் எதுவும் தெரியாது, போட்டோவில் வருவதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார். அது ஒன்றும் பெரிய விஷயமாக எனக்கு அப்போது தோன்றவில்லை.

பேச்சு குழாயடியில் கிளம்பியது. கிழக்கு வீட்டுக்காரம்மா அம்மாவிடம் குடத்தைக் கீழே வைக்காமலே சொல்லியிருக்கிறார்கள். "ஒம் பொண்ணு டெய்லி பொழுது போனா ஒரு கண்ணாடிய வச்சிக்கினு எங்க வூட்டையே பாக்குதே, ஏன்? எம் பையன் மாடியிலதான் ஒக்காந்து படிக்கிறான். கீழ கீத்துத் தட்டி மறைவுலதான் நாங்க பொம்பளைங்க குளிக்கிறோம். படிக்கிற பொண்ணு செய்யற வேலையா இது?" வரிசையில் நின்றிருந்த அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள். பையன் விஷயம், குளியல் விஷயம் இரண்டில் எது மோசம் என்று அவர்களுக்குள்ளேயே பட்டிமன்றம் நடந்திருக்கும்.

அம்மா காலிக் குடத்தோடு திரும்பி வந்தாள். அன்று சாயங்காலம் நான் மாடிப்படியில் கால் வைத்தபோது, "எறங்குடி" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. எனக்கு விஷயத்தைச் சொன்னதே பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி, பஸ்ஸில், எல்லாருக்கும் கேட்கும்படி.

வெட்கம் பிடுங்கித் தின்றது. கல்லூரிக்குப் போகும்போது கிழக்கு வீட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். தலையைக் குனிந்துகொண்டு போனேன். குனிந்து போனால் குற்றம் செய்தவள் போல இருக்கிறதே என்று அடுத்த நாள் நிமிர்ந்து போனேன். அப்போது, "பாரு, எவ்ளோ நெஞ்சழுத்தம்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அதைவிடக் கொடுமை, எனக்கே சந்தேகம் வர ஆரம்பித்ததுதான். ஓரியன் மரத்தை விட்டு மேலே வரும்வரை காத்திருந்த நேரத்தில் ழுமேல் எங்கேயெல்லாம் போயிற்று? முருங்கை இலையைப் பார்த்தேன். இலைக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பல்பு எரிந்தது ஞாபகம் இருக்கிறது. அந்தப் பல்புக்குக் கீழே யாராவது உட்கார்ந்திருந்தார்களா? செய்த ஒன்றுக்காக வெட்கப்பட்டால் அதை நிறுத்தித் தொலைக்கலாம். செய்யாததற்கு வெட்கப்படுகிறவள் எதை நிறுத்துவாள்?

நைனாவுக்கு மில்லிலேயே செய்தி போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார். அம்மா கதவோரம் நின்றாள்.

"நீ இன்னாத்த பாத்த?"

"படத்துல காட்டனனே நைனா, அத."

"அவ்ளோதானே?"

"அவ்ளோதான்."

"சரி" என்று எழுந்தார். "அப்ப வந்து பாக்கட்டும். தெருவே வந்து பாக்கட்டும். எம் பொண்ணு பாத்தத எல்லாரும் ஒருக்கா பாத்துட்டா பேச்சு முடிஞ்சிது."

அம்மாவுக்கு அதில் விருப்பம் இல்லை. "மூடி வச்சா தானா அடங்கும்" என்றாள். நைனா கேட்கவில்லை. நாளையும் அவரே குறித்தார். மார்கழித் திருவாதிரை. அந்த நட்சத்திரத்தைப் பற்றித்தானே பேச்சு, அதன் நாளிலேயே பார்த்தால் நல்லதுதானே என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வீடு களி கிண்டுவார்கள், எல்லாரும் சாயங்காலம் வீட்டில் இருப்பார்கள், அவரும் லீவு போட்டுக்கொள்வார். கடைசியாக ஒன்று சொன்னார்: "அன்னிக்கு நெலா வேற முழுசா இருக்கும். நல்ல வெளிச்சம். வயசானவங்களுக்கும் பளிச்சினு தெரியும்."

தெருவில் யாருக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. வெளிச்சம் இருந்தால்தானே எதையும் பார்க்க முடியும்? எனக்கு மட்டும் லேசாக ஒரு சந்தேகம். நிலவில் சின்ன நட்சத்திரங்கள் மங்கும் என்று தெரியும். ஆனால் ழுமேல் இருக்கிறதே, அது இழுத்துக் காட்டிவிடும் என்று நினைத்தேன். அதுவரை நான் அதில் பார்த்ததெல்லாம் அமாவாசையை ஒட்டிய அந்த நாலைந்து நாட்கள்தான். அதற்கு முன்னால் மழை, அதற்குப் பின்னால் அம்மா. நிலாவோடு சேர்த்து அதைப் பார்த்ததே இல்லை. திருவாதிரை நாள் என்றாலே நிலா அந்த நட்சத்திரத்தின் பக்கத்தில் வந்து நிற்கிற நாள்தான். மார்கழியில் அது பௌர்ணமியை ஒட்டித்தான் வரும். இது எங்கள் வீட்டுத் தினசரிக் காலண்டரில் தினமும் கிழித்துப் போடுகிற தாளிலேயே இருக்கிற சங்கதி. இயற்பியல் படிக்கிற நான் அதை நினைத்துப் பார்க்கவில்லை. வருஷத்தில் முந்நூற்றுச் சொச்சம் நாளில் ஓரியனைக் காட்டுவதற்கு இதைவிட மோசமான ஒரு நாளை யாராலும் தேடிக் கண்டுபிடித்திருக்க முடியாது. நைனா அதை நல்ல நாள் என்று பார்த்துக் குறித்தார்.

அன்று பொழுது சாய்ந்ததும் வந்தார்கள். நான் பத்துப் பேரை எதிர்பார்த்தேன், மாடியே நிறைந்துவிட்டது. குளித்துவிட்டு, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு, சிலர் கோயிலிலிருந்து நேரே வந்திருந்தார்கள். படியேறுமுன் செருப்பைக் கீழே விட்டுவிட்டு வந்தார்கள். அம்மா எல்லாருக்கும் தையல் இலையில் களி கொடுத்தாள். நைனா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வாங்க வாங்க என்று கல்யாண வீட்டில் நிற்பது போல நின்றார். சொல்தாவால் படியேற முடியவில்லை. கீழே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "தெரியுதா? தெரியுதா?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

நிலா ஏற்கெனவே மேலே வந்திருந்தது. மாடித் தரை சுண்ணாம்பு அடித்தது மாதிரி இருந்தது. முகம் முகமாகத் தெரிந்தது. ஓரியனை வெறும் கண்ணால் தேடினேன். பக்கத்திலேயே நிலா இருந்ததால், திருவாதிரையும் கச்சையும் இன்னும் ஒன்றிரண்டும்தான் மிஞ்சியிருந்தன. கத்தி இருக்கிற இடம் வெறும் வெளிச்சம். ழுமேலை வைத்துப் பார்த்தேன். பொடியாக ஒன்றிரண்டு நட்சத்திரங்கள் இருந்தன. புகையைக் காணோம். சக்கரத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகினேன். கண்ணாடியைத் தாவணியால் துடைத்தேன். திரும்ப வைத்துப் பார்த்தேன்.

"குடும்மா" என்று தெருக்கோடி வீட்டுப் பெரியவர் வாங்கிக்கொண்டார். பார்த்தார். "வெள்ளையா இருக்குது" என்றார். அடுத்தவர் பார்த்தார். "ரெண்டு நட்சத்திரம் தெரியுது. இதத்தானா?" என்றார். மூன்றாமவர் பார்த்த வேகத்தில் ழுமேலைக் கை மாற்றினார். நான் ஒவ்வொருவர் பின்னாலும் நின்று, "கொஞ்சம் வலது பக்கம், அந்த மூணுக்கும் வலது பக்கம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. சந்தையில் போகாத மாட்டை விற்கிறவன் குரல் அது.

நடுவில் ஒரு நிமிஷம் தப்பித்துவிடுவேன் போல இருந்தது. யாரோ ழுமேலை நிலாவின் பக்கம் திருப்பிவிட்டு, "ஐயோ, நெலா எம்மாம் பெருசு!" என்றார்கள். உடனே எல்லாருக்கும் நிலா வேண்டும். கூட்டம் கலகலவென்று ஆயிற்று. நைனா என்னைப் பார்த்துச் சிரித்தார். இப்படியே நிலாவைப் பார்த்துவிட்டுக் களியைத் தின்றுவிட்டு எல்லாரும் இறங்கிப் போய்விட வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை.

கிழக்கு வீட்டுக்காரம்மா கடைசியாக வாங்கினார்கள். அவர்களுக்குக் கை கனம் தாங்கவில்லை. நான் வழக்கமாக ஊன்றுகிற அதே இடத்தில் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டார்கள். மேலே பார்த்தார்கள். கை தளர்ந்து கொஞ்சம் கீழே வந்தது. அப்புறம் இன்னும் கீழே வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

"அதான பாத்தேன்" என்றார்கள். சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. "எங்க வூட்டுக் கொடியில காயிற பாவாடை தெரியுது. பாவாடையில போட்ட பூ தெரியுது. தட்டிக்கு மேல சோப்பு டப்பா வச்சிருக்கேன், அது தெரியுது. வானத்துலதான் ஒண்ணத்தையும் காணோம்."

பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக்கூடாதா என்று இருந்தது. ழுமேல் கை கையாகப் போயிற்று. ஆண்கள் வாங்கப் பார்த்தபோது பெண்கள் தடுத்தார்கள். பெண்கள் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நிலா வெளிச்சத்தில் கிழக்கு வீட்டுக் கொல்லை பட்டப்பகல் போல அத்தனை தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். என் இருட்டு நாட்களில் அங்கே ஒன்றும் தெரிந்ததில்லை என்று சொல்ல நினைத்தேன். அப்படிச் சொன்னால், தெரிகிறதா என்று பார்த்தாயா என்று கேட்பார்கள். வாயை மூடிக்கொண்டேன். அம்மா களிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விட்டாள்.

அப்போது தெருக்கோடிப் பெரியவர் நைனாவைப் பார்த்தார். குழாயடிச் சண்டையில் கேட்பது போலத்தான் கேட்டார், மரியாதையாகவே. "எங்களுக்கு வயசாச்சி, கண்ணு பத்தல. நீ பாத்து சொல்லுப்பா. ஒனக்குத் தெரியுதா?"

நைனா ழுமேலை வாங்கினார். அவர் அதைத் தொட்டதே அன்றைக்குத்தான் முதல்முறை. கண்ணில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அது ஓரியன் பக்கமே திரும்பியிருக்கவில்லை. நிலாவுக்கும் இடது பக்கம், ஒன்றுமே இல்லாத வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. சக்கரத்தையும் அவர் தொடவில்லை.

"தெரியுது" என்றார்.

அவரே மேலே பேசினார். "செவப்பா இருக்குது. ஊதாவா இருக்குது. நடுவுல வெள்ள. பூ விரிஞ்சாப்புல இருக்குது. எம் பொண்ணு இதத்தான் பாத்திச்சி."

புத்தகத்தில் இருந்த படத்தை அப்படியே ஒப்பித்தார். நான் பார்த்ததில் சிவப்பு இல்லை, ஊதா இல்லை. அது வெறும் சாம்பல் வெளுப்பு. வண்ணம் தெரியாது என்று படம் காட்டிய காலையில் சொல்ல வந்து சொல்லாமல் விட்டது எனக்கு அங்கே நின்றபடியே ஞாபகம் வந்தது. மச்சானுக்காகக்கூடச் சொல்லாத மனுஷர், அத்தனை பேர் முன்னால், நிலா வெளிச்சத்தில், சொல்லிக்கொண்டிருந்தார். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாததால் அவருக்கு அதைக் கொஞ்சமாகச் சொல்லத் தெரியவில்லை. தெரியுது என்பதோடு நிறுத்தியிருந்தால் சிலராவது நம்பியிருப்பார்கள்.

"அவரு சொல்லிட்டாரு இல்ல" என்று பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். ஒவ்வொருவராக இறங்கினார்கள். கிழக்கு வீட்டுக்காரம்மா நைனாவிடம் ழுமேலைக் காட்டி, "ஒனக்குத் தெரிஞ்சா சரிதாண்ணா" என்றார்கள். குத்தலாகச் சொல்லவில்லை. பரிதாபப்பட்டுத்தான் சொன்னார்கள். அதை என்னால் தாங்க முடியவில்லை. கீழே சொல்தா இன்னும், "தெரிஞ்சிதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இறங்கிப் போன யாரோ, "தெரிஞ்சிது முசே, தெரிஞ்சிது" என்றார்கள்.

அதற்குப் பிறகு என்னைப் பற்றித் தெருவில் பேச்சு இல்லை. நைனா தன் வார்த்தையைப் போட்டு அடைத்துவிட்டார். அவர் முகத்துக்காக எல்லாரும் சும்மா இருந்தார்கள். ஆனால் அவரிடம் நான் நிமிர்ந்து பேசவில்லை, அவரும் என்னிடம் பேசவில்லை. நான் அவருக்காகக் கூசினேன், அவர் எனக்காகக் கூசினார், அந்தச் சின்ன வீட்டுக்குள் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு புழங்கினோம். ழுமேலைத் தோல் பெட்டியில் போட்டு ஆணியில் மாட்டி வைத்தார். திருப்பிக் கொடு என்றும் சொல்லவில்லை, தொடாதே என்றும் சொல்லவில்லை.

பொங்கலுக்கு முன்னால் தெருவில் சாக்கடைத் தகராறு ஒன்று வந்தது. யாரோ சிமென்ட் பூசி அடுத்த வீட்டுத் தண்ணீரைத் தடுத்துவிட்டார்கள். முந்தின நாள் இருந்த வாய்க்கால் எது என்று சாட்சி வேண்டும். அந்த இடத்தைத் தினமும் சைக்கிளில் தாண்டிப் போகிறவர் நைனா. அன்று அவர் வீட்டில்தான் இருந்தார். வெளியே குரல் உயர்ந்ததும் எழுந்து ஆணியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். பொத்தானெல்லாம் போட்டுக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். எப்போதும் யாராவது ஒரு பையன் வந்து, "ஒங்கள கூப்புடுறாங்க" என்பான். வெளியே வெகுநேரம் கத்தினார்கள். பிறகு யாரையோ கூப்பிட்டார்கள், அந்த ஆள் எதையோ சொன்னார், சண்டை அடங்கியது. தெரு பழையபடி ஆயிற்று. நைனா இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் பொத்தான்களைக் கழற்றிச் சட்டையை அதே ஆணியில் மாட்டினார். அம்மா அடுப்பைவிட்டுத் திரும்பவில்லை. நான் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்பட்ட நாள் எது என்று கேட்டால், மாடியில் நின்ற நாளைச் சொல்லமாட்டேன், இந்த நாளைத்தான் சொல்வேன்.

பொங்கல் சமயத்தில் அமாவாசை வந்தது. ஒரு நாள் முன்னிரவில் ஊர் முழுக்கக் கரண்ட் போயிற்று. நான் ழுமேலை எடுத்துக்கொண்டு படியேறினேன். இந்தத் தடவை அம்மா தடுக்கவில்லை. ஓரியன் இப்போது கிழக்கு வீட்டைத் தாண்டி நன்றாக மேலே வந்திருந்தது. யார் வீட்டையும் பார்க்கத் தேவையில்லாத உயரம். அந்த வெளுப்பு வெறும் கண்ணுக்கே தெரிந்தது. ழுமேலில் அது இரண்டு பக்கமும் இறக்கை விரித்துக்கொண்டு நின்றது. நான் அதற்கு முன்பும் பின்பும் அதை அவ்வளவு நன்றாகப் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது. வந்த வேகத்தில் கீழே இறங்கி ஓடினேன்.

நைனா இருட்டில் பாயில் படுத்திருந்தார். விளக்கு ஏற்றவில்லை.

"நைனா."

"இன்னாம்மா."

"இப்ப நல்லா தெரியுது. கரண்டும் இல்ல, நெலாவும் இல்ல. ஒரு நிமிஷம் மாடிக்கு வாயேன்."

அவர் எழுந்து உட்கார்ந்த சத்தம் கேட்டது. முகம் தெரியவில்லை. வருகிறார் என்றுதான் நினைத்தேன்.

"நான்தான் அன்னிக்கே பாத்துட்டேனே" என்றார்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது கையில் இருந்த ழுமேல் கனத்தது. தெரு நம்பவில்லை, அம்மா நம்பவில்லை, நானும் நம்பவில்லை. ஆனாலும் அவர் மேலே வந்து பார்த்துவிட்டால், அன்று பார்க்கவில்லை என்று என் முன்னால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். சொன்னது சொன்னதாகவே இருக்கவேண்டும் என்றால் அவர் அதை ஒருநாளும் பார்க்கக்கூடாது. அவர் இருந்தவரைக்கும் பார்க்கவும் இல்லை.

நான் கதவுப் பக்கம் திரும்பினேன்.

"ஏம்மா."

"இன்னா நைனா."

அம்மாவுக்குக் கேட்கக்கூடாது என்பது போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அது அங்க இருக்குது இல்ல?"

அதுகூடத் தெரியாமல்தான் அவர் அத்தனை பேர் முன்னால் எனக்காகச் சாட்சி சொல்லியிருந்தார்.

"இருக்குது நைனா."

"சரி" என்று திரும்பப் படுத்துக்கொண்டார். "தலையில துணி கட்டிக்கினு போ. பனி எறங்குது."